வக்கீல் எழுதித் தந்த ஒரு வரி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டின் கார் பார்க்கிங்கில் ஒரு பிள்ளை கை மாறும். எங்கள் ஊர் என்று நான் சொல்வது அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தை. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பத்து வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். ஒரு கார் வந்து நிற்கும். பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும். முதல் காரிலிருந்து ஒரு சிறுமி இறங்கி, புத்தகப் பையையும் மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது காரில் ஏறிக்கொள்வாள். பெரியவர்கள் இருவரும் கண்ணாடியை இறக்கி மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். குரல் உயராது, யாரும் அழ மாட்டார்கள், சுற்றி நின்று பார்க்கவும் ஆள் இருக்காது. முதல் தடவை பார்த்தபோது நான் தக்காளிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். என் பிள்ளையை ஒருத்தி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனால் நான் மழையைப் பற்றியா பேசுவேன்?

அந்தச் சிறுமி என்னோடு வேலை செய்யும் ஷிவோனின் மகள். இரண்டாவது கார், ஷிவோனின் முன்னாள் கணவரோடு இப்போது வாழும் பெண்ணுடையது. ஒருநாள் டீ நேரத்தில் ஷிவோன் ஒரு போட்டோ காட்டினாள். குதிரை வடிவத்தில் பிறந்தநாள் கேக். "அவள்தான் செய்தாள். ராத்திரி பூராவும் உட்கார்ந்து செய்திருக்கிறாள், என் மகளுக்காக" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். "உனக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன். "எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள், நன்றாக இருந்தது" என்றாள். நான் கேட்டது அவள் நெஞ்சைப் பற்றி. அவள் சொன்னது கேக்கைப் பற்றி. அதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பதிலுக்கு என் போனிலிருந்து ஒரு போட்டோ காட்டினேன். என் மகள் ஜெனி, பன்னிரண்டு வயது. பக்கத்தில் அவள் தோளில் கை போட்டபடி ஒரு பெண். "இவள்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எல்லாம் இவளால்தான்" என்றேன். ஷிவோன் டீயைக் கீழே வைத்தாள். உன் கணவர் இவளோடுதான் இருக்கிறாரா என்று கேட்டாள். ஆமாம், ஒரே வீடுதான் என்றேன். எவ்வளவு காலமாக என்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வட்டாரத்திலேயே கெட்டிக்கார சொலிசிட்டராகப் பார்த்து வைத்துக்கொள், விட்டுவிடாதே என்றாள். மறுநாள் நான் கேட்டிருந்த நாலு வார லீவு கேள்வியில்லாமல் கிடைத்தது. மேனேஜர் என்னைக் கட்டிக்கொண்டு, தைரியமாக இரு என்றார். அப்புறம்தான் ஷிவோன் என்ன புரிந்துகொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. கூட்டுக் குடும்பத்தை ஒரு நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. என்னிடமிருந்து ஒருத்தி ஒருவரை எடுத்துக்கொண்டாள் என்றுதானே அவள் நினைத்தாள், அதில் என்ன தப்பு என்று இருந்துவிட்டேன். ஆள்தான் வேறு. கணவனில்லை, மகள்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். நான் விழுப்புரத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். ஜெனிக்கு இரண்டு வயதானபோது நான் இங்கே வந்தேன். அவளுக்கு நாலு வயதில் அவளும் என் கணவர் பிரான்சிசும் வந்து சேர்ந்தார்கள். ஒரு குளிர்காலம் தாங்கினார்கள். எனக்கு ஷிப்ட் வேலை. பிரான்சிசுக்கு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்து நாலு பேரிடம் பேச்சும் சிரிப்புமாக இருந்த மனிதர், இங்கே யாரிடமும் பேசாமல் நாளெல்லாம் தட்டு கழுவினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "ஊருக்குப் போறேன், பிள்ளையும் எங்கூடவே இருக்கட்டும், அண்ணி பாத்துப்பாங்க" என்றார். ஒரு வருஷம் என்று பேச்சு. ஏழு வருஷம் ஆகிவிட்டது. இடையில் நானும் அவரும் சண்டைகூடப் போடாமல், போனில் பேச விஷயம் குறைந்து குறைந்து, பிரிந்தவர்களாகிவிட்டோம்.

அந்த அண்ணிதான் லூர்தக்கா. எனக்கு ஓரகத்தி. அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டார். காலேஜ் படிக்கிற இரண்டு பையன்கள். அந்த வீட்டில் ஜெனி மூன்றாவது பிள்ளை. பெரியம்மாவை வா, போ என்பாள். என்னிடம் "சாப்டீங்களா, ட்யூட்டி முடிஞ்சிதுங்களா" என்பாள். எங்கள் பக்கம் பிள்ளைகள் யாருக்கு மரியாதை கொடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு. வீடியோ காலில் அவள் தலை பின்னியிருக்கும் அழகைப் பார்ப்பேன். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த வகிட்டை எடுத்த விரல்களை நினைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். வேலையில் யாருடைய அம்மாவுக்கோ நான் தலை வாரிவிடும்போது, கை கொஞ்சம் அழுத்தமாகப் படுவதை நானே உணர்ந்து நிறுத்தியிருக்கிறேன். பொறாமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

போன வருஷம் ஜெனியை என்னோடு அழைத்துக்கொள்ள எல்லாம் தயார் செய்தேன். அப்பாவின் கையெழுத்து வேண்டும். பிரான்சிஸ் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "என்னை என்னா கேக்கற, அண்ணியைக் கேளு" என்றார். என் பிள்ளைக்கு நான் ஏன் அண்ணியைக் கேட்க வேண்டும்? விழுப்புரம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சமரச மையத்தில் மனு கொடுத்தேன். கேஸ் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிற இடம் அது. வக்கீல் கட்டாயம் இல்லை, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த 'வேண்டுமானால்'தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

விழுப்புரத்தில் என் தம்பி வீட்டில் தங்கினேன். ஜெனியைப் பார்க்க இன்னும் திண்டிவனம் போகவில்லை. தம்பிக்குச் சந்தேகமே இல்லை. "வக்கீல் இல்லாம போவாதக்கா. அங்க மாமா வாயே தொறக்க மாட்டாரு, அந்த அம்மா பேசியே ஆளக் கவுத்துடும். நீ அழுதுக்கினு வருவ." அவனே ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனான். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். வயதானவர், நிதானமானவர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இரண்டு காகிதங்கள் தந்தார். ஒன்று, பிள்ளையைப் பற்றிய கேள்விகள். ரத்த வகை, எந்தச் சாப்பாடு ஆகாது, கடைசியாக எப்போது காய்ச்சல், வகுப்பு டீச்சர் பேர், நெருங்கிய தோழிகள், செருப்பு அளவு. "பெத்த தாயி இதுக்கெல்லாம் யோசிக்காம பதில் சொல்லணும்மா. அங்க தடுமாறினீங்கன்னா போச்சு" என்றார். இரண்டாவது, என் தரப்பை எழுதிய வரைவு. நல்ல தமிழில், என் கஷ்டத்தை என்னைவிட அழகாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: 'மேற்படி சிறுமி வசிக்கும் வீட்டில் வயது வந்த ஆண்கள் இருவர் உள்ளனர்.'

"இது எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"இருக்காங்களா இல்லியா?"

"இருக்காங்க. லூர்தக்கா பசங்க. இவளுக்கு அண்ணனுங்க."

"நான் வேற ஒன்னும் சொல்லலியே. உள்ளதத்தான் எழுதியிருக்கேன். படிக்கிறவங்க மத்தத அவங்களே புரிஞ்சிப்பாங்க. பொண்ணு ஜல்தி உங்க கைக்கு வந்துடும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் தொழிலைத் தெரிந்தவர். கெட்டது என்னிடம்தான் இருந்தது. அந்த வரியை ஆட்டோவில் ஒரு முறை, தம்பி வீட்டு மாடியில் ஒரு முறை, மறுபடி ஒரு முறை படித்தேன். படிக்கப் படிக்க நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது. ஏழு வருஷமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததற்குப் பேர் இல்லாமல் இருந்தது. இப்போது அதற்குக் கோர்ட் தமிழில் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. லூர்தக்கா அதைக் கேட்டு முகம் வெளுத்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. இதை ஒளிக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை முதல் காகிதத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பேர், பிறந்த தேதி, பிறந்தபோது எடை. அதற்குக் கீழே பேனா நின்றுவிட்டது. என் வார்டில் இருபத்திரண்டு கிழவிகள். யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு எந்தக் காலில் புண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகளின் செருப்பு அளவு தெரியவில்லை. பிரான்சிசுக்குப் போன் செய்தேன். "இரு, அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்றார்.

"சொல்லும்மா" என்றார் லூர்தக்கா.

"ஒரு ஃபாரம் நிரப்பணும்க்கா. ஜெனிக்கு பிளட் குரூப் என்னா?"

"ஓ பாசிட்டிவ். உன்துதான். எழுதிக்கினியா? அப்புறம்?"

நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்காததையும் சொன்னார். செருப்பு நாலாம் நம்பர், ஆனால் இடது கால் ஒரு சுற்றுப் பெரிசு, அதைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைய தின்றால் உதட்டோரம் தடிக்கும், சொன்னால் கேட்க மாட்டாள், ஒளித்து வைத்துத் தின்பாள். சளி பிடித்தால் மூக்கு அடைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குவாள். கணக்கு டீச்சர் பேரைச் சொன்னால் முகம் சுளிப்பாள். நான் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"பல்லு எழுதிக்கினியா?" என்றார்.

"என்னா பல்லு?"

"முன்பல்லு பாதி ஒடஞ்சிடுச்சிம்மா. நாலு மாசம் ஆவுது. சைக்கிள்ல ஓமந்தூர் வரைக்கும் போறேன்னு பசங்களோட போனா, வழியில ஜல்லியில சறுக்கி விழுந்தா. பெரியவன்தான் தூக்கிக்கினு ஓடினான் ஆஸ்பத்திரிக்கு. அவன் சட்டையெல்லாம் ரத்தம், அவனும் அழுதுக்கினு நிக்கறான். நீ அங்க ஒண்டியா இருக்க, கேட்டா பயந்துக்குவன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன். தப்புதான்."

நாலு மாதமாக ஜெனி வீடியோவில் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். பெரிய பெண்ணாகிறாள், கூச்சம் வந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அதைப் போட்டோவாக எடுத்து ஷிவோனுக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். என் முன்னால் இரண்டு காகிதங்கள். ஒன்றில் லூர்தக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இன்னொன்றில் சட்டையெல்லாம் ரத்தமாக ஓடிய அந்தப் பையன், 'வயது வந்த ஆண்கள் இருவர்' என்பதில் ஒருவன்.

"ஃபாரம் வக்கீல் குடுத்ததுதான?" என்றார் லூர்தக்கா.

நான் வரைவைக் கவிழ்த்து வைத்தேன்.

"தெரிஞ்சிதான் சொன்னேன். நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் ஸ்டெல்லா. நெனச்சிப்பேன். ஆனா நீ அங்க போயி தெரியாம முழிச்சிக்கினு நின்னின்னா, அது எனக்குத்தான் அசிங்கம். ஏழு வருசம் வளத்துட்டுப் பெத்தவளுக்கு ஒன்னும் சொல்லிக்குடுக்கலன்னு ஆயிடும்." பிறகு குரல் மாறியது. "உனக்கு எம்மேல காண்டு. எனக்குத் தெரியாதா? எனக்கும் உம்மேல அப்படித்தான். துணி தொவைக்கிறது நானு, பரீட்சைக்கு எழுப்புறது நானு. ஸ்கூல்ல போயி எங்கம்மா ஃபாரின்ல நர்ஸு, எங்கம்மா மாதிரி ஆவப் போறேன்னு பீத்திக்கினு திரியறா. நானு யாருன்னு கேட்டா, எங்க பெரிம்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறா. எனக்கு வயிறு எரியாதா?"

அன்று மதியம் தம்பிக்குச் சொல்லாமல் வக்கீல் ஆபீசுக்குப் போனேன். வரைவைத் திருப்பிக் கொடுத்தேன். "வேணாம் சார், நானே பேசிக்கறேன்."

"அந்தப் பக்கம் வக்கீல் வெச்சிக்கினு வந்தா என்னா பண்ணுவீங்க?"

"வெக்க மாட்டாங்கன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்க" என்றார். அவ்வளவுதான். காகிதத்தை மடித்து டிராயரில் வைத்தார். கிழிக்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேதான் படி இறங்கினேன்.

என்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு இதே கேள்வியில் கிடக்கிற பெண்கள் இருப்பீர்கள். வக்கீல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அடி, மிரட்டல், குடி இருக்கும் வீடென்றால் நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், ஒண்டியாகப் போய் உட்காராதீர்கள். என் விஷயம் வேறு. நான் வக்கீல் தேடியது பேசுவதற்கில்லை, என் வயிற்றெரிச்சலைப் பேச வைப்பதற்கு. அந்த வரி ஒரு முறை காகிதத்தில் ஏறிவிட்டால், ஜெனி என்றைக்காவது அதைப் படிப்பாள். அப்போது அவள் என் வீட்டில் இருப்பாள், ஆனால் எனக்குப் பிள்ளையாக இருக்க மாட்டாள். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயம்தான்.

சமரச மையத்தில் வட்ட மேஜை. யாரும் எதிரே எதிரே உட்கார வேண்டாம் என்பதற்காகவாம். சமரசர் ஒரு அம்மா, மெதுவாகப் பேசுபவர். பிரான்சிஸ் வக்கீல் இல்லாமல்தான் வந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றின பையன் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முதல் அமர்வில் நான் அழுதேன், அவர் கூரையைப் பார்த்தார். இரண்டாவது அமர்வு என் லீவின் கடைசி நாள். சமரசர் ஜெனியைத் தனியாக அழைத்துப் பத்து நிமிஷம் பேசினார். வெளியே வந்தவள் எங்கள் யாரையும் பார்க்காமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள். "யார்கூட இருக்கப் போறன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்கன்னு சொல்றா. மத்ததெல்லாம் பேசறா" என்றார் சமரசர். பிரான்சிஸைப் பார்த்தார். அவர் வழக்கம்போல், "அண்ணியைக் கேட்டாத் தேவலாம் மேடம்" என்றார்.

"அவங்க இதுல பார்ட்டி இல்ல. ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் உள்ள கூப்பிட முடியும்" என்று சமரசர் என்னைப் பார்த்தார்.

வராந்தா பெஞ்சில் லூர்தக்கா ஜெனியின் பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. கோர்ட்டில், அத்தனை பேர் நடுவில், தன் வீடு போல. அந்த நிமிஷம்கூட எனக்கு எரிந்தது. "கூப்பிடுங்க" என்றேன்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேசியதில் பாதி மூக்கடைப்பைப் பற்றியும் அங்கே குளிரில் அது என்னாகும் என்பதைப் பற்றியும்தான். நான் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் அவை, நர்ஸ் ஆயிற்றே. கடைசியில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: கோடை லீவு முழுவதும் ஜெனி என்னோடு அயர்லாந்தில், அதற்கு அப்பாவின் கையெழுத்து உண்டு. பத்தாவது முடிகிறவரை படிப்பு திண்டிவனத்தில். அதன்பின் அவள் சொல்வதுதான். நான் கேட்டு வந்தது இது இல்லை. இந்த வருஷமே, முழுசாக, எனக்கே எனக்கு என்று கேட்டு வந்தேன். தம்பி இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. வக்கீல் வைத்திருந்தால் பிள்ளை இப்போது உன்னோடு இருந்திருப்பாள் என்கிறான். இருந்திருக்கலாம். சில நாள் ட்யூட்டி முடிந்து கதவைத் திறக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று மாலையே நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பிரான்சிஸ் வண்டியில் போய்விட்டார். சென்னை பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம், அவர்கள் திண்டிவனம் வரை, நான் கடைசி வரை. லூர்தக்கா ஜன்னலோரம், ஜெனி நடுவில், நான் ஓரத்தில். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் நடுவே பஸ் நின்றபோது ஜெனிக்குத் தூக்கம் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை, தலை லூர்தக்கா மடிக்குப் போனது. இடம் போதாமல் காலை நீட்டினாள், பாதங்கள் என் மடிமேல் வந்து விழுந்தன. வாய் திறந்து தூங்கினாள். உடைந்த பல் தெரிந்தது. தலையில் லூர்தக்காவின் கை இருந்தது. என் பங்குக்கு வந்தது கால். வெயிலில் காய்ந்த, புழுதி படிந்த பாதங்கள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தொடை மரத்தது, பிறகு முழங்கால், பிறகு இரண்டு காலும் இருக்கிற இடமே தெரியவில்லை.

திண்டிவனம் வந்ததும் லூர்தக்கா அவளை எழுப்பி, "அம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்றார். தூக்கக் கலக்கத்தில் என் தோளில் ஒரு முறை முகத்தை வைத்து எடுத்துவிட்டு, என் காலைத் தாண்டி லூர்தக்காவோடு இறங்கினாள். ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து கையாட்ட வேண்டும் என்று எழப் பார்த்தேன். கால் எழவில்லை. கீழே நின்று அவள் அண்ணாந்து ஜன்னலைத் தேடுவது தெரிந்தது. அவள் பார்த்த ஜன்னலில் நான் இல்லை, இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தேன். லூர்தக்கா அவள் கையைப் பிடித்துத் தூக்கி, வெறும் ஜன்னலைப் பார்த்து ஆட்டிக் காட்டினார். பஸ் நகர்ந்தது. ஊர் தாண்டியதும் ரத்தம் திரும்பி ஓடி, இரண்டு காலிலும் எறும்பு கடிப்பதுபோல் கடிக்க ஆரம்பித்தது. தேய்த்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியும். ஓங்கூர் தாண்டும் வரை நான் தேய்க்கவில்லை.